கட்டியும் அக்கம்பக்கமும்

சொர்ணத்துக்கு நாலு ஊசி போட்டாயிற்று. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு. ஒவ்வொன்றுக்கும் வாந்தி, வாய்ப்புண், கால் எரிச்சல். இரண்டாவது ஊசிக்கே தலை மொட்டை. மேற்கு மாம்பலத்துக் கல்யாண மண்டபங்களுக்குக் காய் நறுக்கப் போகிறவள் அவள். மொட்டைத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு ஐந்நூறு பேர் சாப்பாட்டுக்கு அவரைக்காய் நறுக்கினாள். இத்தனையும் எதற்குப் பட்டாள்? மார்பில் இருக்கிற கட்டி கரையும் என்றுதானே. கரைந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன்.

அடையாறு எல்.பி. ரோட்டை ஒட்டின சந்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் மாளவிகா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பது வயசு இருக்கும், மயிலாப்பூர்க்காரர். கெட்ட செய்தியை மூடி மறைக்கத் தெரியாத முகம்.

"மருந்துக்கு அசையல சொர்ணம்மா. அஞ்சு சென்டிமீட்டர் இருந்தது. இப்பவும் அஞ்சுதான்."

"மயிருதான் கொட்டிச்சு," என்றாள் சொர்ணம். "கட்டி அப்டியே குந்திக்கினு கீது. அதானே சொல்றீங்க?"

"அதான்."

"அப்ப அந்த மருந்து டூப்பா?"

"மருந்து நல்ல மருந்துதான். அதை உள்ள விட மாட்டேங்குறாங்க."

"யாரு அது, விடாதவங்க?"

மாளவிகா மருந்துச் சீட்டைத் திருப்பி ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகப் புள்ளிகள் வைத்தார்.

"வட்டம்தான் கட்டி. சுத்தி இருக்குற புள்ளியெல்லாம் கெட்டது இல்ல. உங்க சொந்தச் சதை. கைய கால வெட்டிக்கிட்டா ஓடி வந்து புண்ணை ஆத்துமே, அந்த அணுக்கள். கட்டி என்ன பண்ணிடுச்சு, இதுங்களைக் கைக்குள்ள போட்டுக்கிடுச்சு. இது ஏதோ புண்ணுன்னு நம்பிக்கிட்டு அதுங்க நார் நாரா சுவர் கட்டுது. சாப்பாடு போடுது. மருந்து வந்தா சுவர்கிட்டயே நின்னுடுது. மீறி உள்ள போனாலும், 'பயப்படாதே, நாங்க இருக்கோம்'னு கட்டிக்குத் தைரியம் சொல்லுது."

சொர்ணம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க குப்பத்துல போலீஸ் வந்தா இப்டித்தான் டாக்டரம்மா. எவன் ஊட்லயாவது பூந்துக்குவான். நாங்க அவன பாக்கவே இல்லன்னுடுவோம்."

டாக்டரும் சிரித்துவிட்டார். "இத்தனை நாள் நாம ஒளிஞ்சவனை மட்டும் அடிச்சோம். இப்ப அக்கம்பக்கத்தைக் கவனிக்கப் போறோம். அதுங்களைக் கொல்ல வேண்டாம். அவனுக்கு ஒத்தாசை பண்ணாம இருந்தாப் போதும். அதுக்கு தினம் ஒரு மாத்திரை. கூடவே வாரம் ஒரு ஊசி."

சொர்ணத்துக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. பலாப்பழம் அறுக்கிறவளுக்கு இது விளங்காதா? கத்தி எவ்வளவு கூராக இருந்து என்ன, பால் பிசின் பிடித்துக்கொண்டால் ஒரு அங்குலம் நகராது. முதலில் கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவ வேண்டும். இத்தனை நாள் எண்ணெய் தடவாமலே அறுத்திருக்கிறார்கள்.

"இது ஆராய்ச்சிம்மா," என்றார் மாளவிகா. "பலிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்களுக்கு இதை விட்டா, வேற நல்ல வழி என் கையில இல்ல."

"போடுங்க. போட்டுத்தான் பாப்போம்."

அப்புறம் சேருவதற்கான பாரம் வந்தது. ஆராய்ச்சிக் கணக்குகளைப் பார்க்கிற சாய்நாத் என்ற பிள்ளை வரி வரியாகக் கேட்டு எழுதினான். ஒரு வரியில் நிறுத்தி, விரலை உயர்த்தி விளக்கினான். ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் நூறைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்து சேர வேண்டும். அதனால் பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள்.

"அட்ரஸ் சொல்லுங்கம்மா."

"நம்பர் பன்னண்டு, படகுத்துறைக் குப்பம், கோட்டூர்புரம்," என்றாள் சொர்ணம். கண் இமைக்கவில்லை.

அந்த நம்பர் பன்னிரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஆற்றங்கரையை அகலப்படுத்துகிறோம் என்று பொக்லைன் வந்தது. குப்பம் முழுவதையும் லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடியில் இறக்கிவிட்டார்கள். ஆனால் வாயில் வருகிற அட்ரஸ் அதேதான். அங்கே இறக்கப்பட்ட அத்தனை பேருக்கும் அப்படித்தான். புது அட்ரஸைச் சொல்லிப் பாருங்கள். "அவ்ளோ தொலைவுலேர்ந்து காலையில எப்டி வருவே?" என்று கேட்டு வேலைக்காரிக்கு வீடு கதவைச் சாத்தும். பள்ளிக்கூடம் உதட்டைப் பிதுக்கும். பழைய அட்ரஸைச் சொன்னால் எல்லாம் நடக்கும். பொய் என்று அவர்கள் நினைப்பதில்லை. தங்களிடமிருந்து பிடுங்கினதைத் தாங்களே வைத்துக்கொண்டிருப்பதாக நினைப்பு.

இரண்டு ஊசி முடிந்தது. தினம் காலையில் மாத்திரையை விழுங்கி, சாய்நாத் கொடுத்த நோட்டில் நேரம் எழுதினாள். ஒரு நாள் தவறவில்லை.

மூன்றாவது வாரம், நோயாளி வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்ற விதிப்படி, சாய்நாத் பைக்கை எடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே போனான். குப்பம் இருக்க வேண்டிய இடத்தில் நடைபாதை இருந்தது. நீளமாக ஒரு சுவர், சுவர் நிறையப் பறவைப் படம். ஒரு பெரியவர் நாயோடு நடந்து வந்தார். நம்பர் பன்னிரண்டு எது என்று அவரிடம் கேட்டான். அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை சொர்ணத்தைக் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சிக்குத் தலைவர் பெரிய டாக்டர் ஸ்ரீனிவாசராகவன். நெற்றியில் மெல்லிய கோடு, மேஜையில் ஒரு தூசி கிடையாது. பக்கத்தில் மாளவிகா உட்கார்ந்திருந்தார்.

"பொய் சொல்லியிருக்கீங்கம்மா."

"ஆமா சார். பொய்தான். நெசத்தச் சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?"

"மாட்டோம்."

"அப்புறம் இன்னா சார் கேள்வி?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நாலு வருஷம் முன்னாடி திருப்போரூர்லேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. முப்பத்தோரு வயசு. தூரமா இருந்தாலும் பரவாயில்லைன்னு நான்தான் சேர்த்தேன். ஒரு நாள் காலையில ஜுரம். பஸ்ஸு மாத்தி பஸ்ஸு பிடிச்சு வந்து சேர மத்தியானம் ஆயிடுத்து. கட்டி கரைஞ்சிருந்தது. பொண்ணு இல்லை."

சொர்ணத்துக்கு முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக நெஞ்சு கனத்தது. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் வந்திருப்பாள். யாராவது எழுந்து இடம் கொடுத்தார்களோ என்னவோ. அப்புறம் அவளுக்குத் தன் நினைப்பு வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க அழுவுறீங்க, சரி. அதுக்கு என்னிய ஏன் சாவடிக்கிறீங்க? என்ன அனுப்பிட்டா கட்டி என்ன உடுமா? ஜொரம் வந்தா ஒரு மணி நேரத்துல வரணும். அதானே உங்களுக்கு வோணும்? வந்து காட்டுறேன்."

"எப்படி வருவீங்க?"

"அது என் பாடு. பொக்லைன் வந்தப்ப எங்கள ஒரு வார்த்த கேக்கல. அன்னிக்கி நானும் மண்ணு மாதிரி நின்னுட்டேன். இன்னிக்கி நிக்க மாட்டேன் சார். இந்த நாற்காலிலதான் குந்தினு இருப்பேன். போலீஸக் கூப்டுக்கோங்க."

மாளவிகா இருமினார். இருமலா சிரிப்பா, சொர்ணத்துக்குத் தெரியவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள ஏதோ ஒரு நாள், சொல்லாம கொள்ளாம சாய்நாத் போன் பண்ணுவார். போன் வந்த நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துல நீங்க கேஷுவாலிட்டி வாசல்ல இருக்கணும். ஒரே தரம்தான். அறுபத்தோராவது நிமிஷம் வந்தா மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துடணும்."

"பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்."

"என்ன?"

"வாயால சொன்னவங்க எல்லாரயும் பாத்துட்டேன். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார்.

வீறாப்பெல்லாம் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். பெரும்பாக்கத்துக்கு பஸ் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்னலாக எண்ணிக்கொண்டு வந்தாள். வாய் கொடுத்துவிட்டாள். வண்டி? புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. பழைய குப்பமாக இருந்தால் ஒரு குரல் கொடுத்தால் போதும், பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்துப் பேரையும் குலுக்கல் போட்டுப் பத்துக் கட்டடத்துக்குப் பிரித்துவிட்டார்களே.

அவளுக்கு விழுந்தது நாற்பத்தேழாம் பிளாக், ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். அந்த பிளாக்கில் முக்கால்வாசி கூவம் கரையிலிருந்து வந்தவர்கள். இவள் அடையாற்றங்கரை. ஆறு மாறினால் ஊரே மாறின மாதிரி. மூன்று வருஷமாக அவள் யாரோடும் ஒட்டவில்லை. ஒட்டாதது மட்டுமில்லை, சண்டை வேறு.

மூன்றாவது மாடி முருகையன் ஆட்டோக்காரன். போன வருஷக் கோடையில், பொதுக் குழாயில் ஹோஸ் மாட்டி ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். சொர்ணம் ஹோஸைப் பிடுங்கி எறிந்தாள். "கூவத்துல பொறந்தவனுக்கு நல்ல தண்ணியோட அருமை எப்டித் தெரியும்?" என்றாள். "அடையாத்துல மட்டும் இன்னா, பன்னீரா ஓடுது?" என்று அவன் திருப்பினான். அன்றைக்குப் போன பேச்சு இன்னும் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் அந்த ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். முருகையன் சீட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"உன் வண்டி வோணும்."

"சவாரிக்கா, சண்டைக்கா?"

"உசுருக்கு."

பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். டீ ஆறிப்போயிற்று. அவள் முக்காட்டை அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான் போலிருக்கிறது. சீட்டுக்கு அடியிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினான்.

"இன்னா போட்டுக்கீது பாரு. சிந்தாதிரிப்பேட்டை. என் பொண்ணு ஸ்கூல்லயும் அதான். இங்க எவன் கைல புது அட்ரஸு கீது? நீ சொன்னது பொய்யின்னா இந்த பிளாக்கே ஜெயிலுக்குப் போவணும்." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "பத்து கிலோமீட்டர் தாண்டிட்டா மருந்தும் கெடயாதுன்றானா? அதயும் பாத்துருவோம். ஆனா நான் ஒர்த்தன் போறாது. போன் வரசொல்ல நான் சவாரில கீறேன்னு வெச்சிக்கோ, இன்னா பண்ணுவே?"

அப்படி ஆரம்பித்ததுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குழாயடிக்கு விஷயம் போய்விட்டது. எதிர் வீட்டு வைதேகி, ஐ.டி. கம்பெனியில் தரை துடைக்கிறவள், காலண்டர் தாளின் பின்பக்கம் பேர் எழுதினாள். காலையில் யார் வண்டி, மத்தியானம் யார் வண்டி, லிஃப்ட் நின்றிருந்தால் ஆறு மாடி தூக்கிக்கொண்டு இறங்க யார் யார். எந்த ரோடு என்பதில் பெரிய சண்டை. சோழிங்கநல்லூர் வழி என்று ஒருத்தன், மேடவாக்கம் வழி என்று முருகையன். "பள்ளிக்கரணையில ரோட்ட நோண்டி வெச்சிகிறான், மாட்டிக்கினா ஒரு மணி நேரம் அங்கியே பூடும்," என்றான் இன்னொருத்தன். நோண்டின இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி நிறுத்திவிட்டால்? அங்கே யாரைத் தெரியும்?

சொர்ணத்துக்குத் தெரியும். நம்பர் பதினொன்று, படகுத்துறைக் குப்பம், சுயம்புலிங்கம். பழைய பக்கத்து வீட்டுக்காரன், இப்போது வேளச்சேரி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். மூன்று வருஷம் கழித்து அவனுக்கு போன் போட்டாள். "எங்க நிக்கணும், அத மட்டும் சொல்லுக்கா," என்றான். கூவமும் அடையாறும் அன்றைக்கு ஒரே குழாயடியில் கலந்தன.

செவ்வாய் போன் வரவில்லை. புதன் வந்தது, பதறி எடுத்தால், "மேடம், பர்சனல் லோன் வேணுமா?" அந்தப் பெண் ஜென்மத்துக்கும் இனி யாருக்கும் லோன் கொடுக்க மாட்டாள், அவ்வளவு திட்டு வாங்கினாள். வியாழனும் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சொர்ணத்துக்குக் குளிர் எடுத்தது. சித்திரை மாதத்தில் குளிர். போர்வையைச் சுற்றிக்கொண்டும் பல் தந்தியடித்தது. தெர்மாமீட்டர் நூற்றியொன்று காட்டிற்று.

பக்கத்தில் காய்ச்சல் மாத்திரை இருந்தது. அதைத் தொடக்கூடாது, போட்டால் சூடு இறங்கி உள்ளே இருக்கிற நோய் வெளியே தெரியாமல் போய்விடும் என்று மாளவிகா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் சொர்ணத்தின் கை அதற்குத்தான் போயிற்று. பின்னே? இன்றைக்குத்தான் கடைசி நாள். காய்ச்சலோடு போய் நின்றால், இவள் உடம்பு தாங்காது என்று ஆராய்ச்சி மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். இதை விழுங்கினால் சூடு இறங்கும். போன் வரும்போது எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, உடம்பு நன்றாக இருக்கிறவளாகப் போய் நிற்கலாம். ஜெயித்துவிடலாம்.

மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டாள். அப்போதுதான் அந்தத் திருப்போரூர்ப் பெண் நினைவுக்கு வந்தாள். கட்டி கரைஞ்சிருந்தது, பொண்ணு இல்லை.

"அட போடா," என்று யாரைச் சொன்னாளோ, மாத்திரையை ஜன்னல் வழியாக வீசினாள். கதவைத் திறந்து மாடிப்படியில் குனிந்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"முருகையா."

அவன் பேரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

லிஃப்ட் நின்றிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, புடவையால் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். "போன் இன்னும் வர்லியேக்கா," என்றாள் கதவைப் பூட்ட நின்ற வைதேகி. "வந்தா சொல்லு, பொறப்ட்டாச்சுன்னு," என்றான் நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்த முருகையன். போன் கட்டில்மேலேயே கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. கதவைப் பூட்டி வைதேகி சாவியை வைத்துக்கொண்டபோது மணி ஒன்பது இருபது.

முருகையன் சுயம்புலிங்கத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டு மேடவாக்கம் வரை பறந்தான். பள்ளிக்கரணையில் பயந்தது மாதிரியே ஆயிற்று. தோண்டின ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. பஸ், கார், ஆட்டோ எல்லாம் நட்டுவைத்த மாதிரி நின்றன. முருகையன் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கவில்லை. ஆட்டோவை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டு அவளை இறக்கினான். "யோவ், வண்டிய எடுய்யா," என்று பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். "கேன்சர் பேஷண்ட்டுய்யா. நீ வேணா எடுத்து ஓரமா உடு, சாவி வண்டிலதான் கீது," என்றான் முருகையன். ஹாரன் அடித்தவனே இறங்கிவந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான். சேறும் ஜல்லியும் தாண்டி இருநூறு அடி அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது.

"இன்னாக்கா, இவ்ளோ இளைச்சுட்டே," என்றான் சுயம்புலிங்கம்.

"அப்பால அழலாம். ஓட்டுடா."

தரமணி ரோட்டில் அவன் எப்படிப் போனான் என்று அவளுக்கு நினைவில்லை. முருகையன் தோளில் தலை சாய்ந்திருந்தது மட்டும் தெரியும். அவன் சட்டையில் பெட்ரோல் வாடை. குழாய்த் தண்ணீரில் வண்டி கழுவின ஆட்டோக்காரனின் தோள், மகாராஜன் தோள் மாதிரி இருந்தது.

கேஷுவாலிட்டி வாசலில் சாய்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"இருபத்தி நாலு நிமிஷம்மா. ஒன்பது அம்பதுக்கு போன் பண்ணேன், உங்க போனை எடுத்து, கிளம்பிட்டாங்கன்னு ஒரு லேடி சொன்னாங்க. பத்து பதினாலுக்கு இங்க நிக்கிறீங்க. எப்படி இது?"

பின்னால் ஸ்ரீனிவாசராகவன் வந்து நின்றார். மாளவிகாவும் வந்தார். முருகையன் சொர்ணத்தின் முழங்கையை அழுத்தினான். சும்மா இரு என்று அர்த்தம். இருபத்து நாலு என்று அவர்களே சொல்லும்போது இல்லை என்று சொல்ல இவளுக்கு என்ன பைத்தியமா?

"இருவத்தி நாலு இல்ல நைனா," என்றாள் சொர்ணம். நாக்கு ஒட்டிக்கொண்டது. "அம்பத்தி நாலு. உன் போனு எனக்கு வர்ல. ஒம்போது இருவதுக்கே கெளம்பிட்டேன். ஜொரம் நூத்தியொண்ணு. பரிச்சைக்கி வர்ல, நெஜமாவே வந்துக்கீறேன். ஒரு தடவ பொய் சொன்னேன், அதுக்கே இந்தப் பாடு."

ஸ்ரீனிவாசராகவன் தானே சக்கர நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் நரம்பில் மருந்து இறங்கியது. ரத்தத்தில் எதிர்ப்பு அணு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மத்தியானம் வந்திருந்தால் அவ்வளவுதான் என்று நர்சம்மா பிற்பாடு சொன்னாள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. மாளவிகா வந்து மார்பைத் தொட்டுப் பார்த்தார். விரலை ஓரமாகவே வட்டம் வட்டமாக நகர்த்தினார். திரும்பத் திரும்ப நகர்த்தினார்.

"ஸ்கேன் பார்க்காம நான் எதுவும் சொல்லக்கூடாது," என்றார். "ஆனா போன மாசம் ஓரமெல்லாம் கல்லா இருந்தது. இப்ப இளகியிருக்கு. கட்டி இருக்கு. அக்கம்பக்கம் விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிருக்கு."

"இனிமே அவன் தனியாதானே மாட்டுவான்?"

"மாட்டுவான்னுதான் நானும் நினைக்கிறேன்."

"மாட்டட்டும், பேமானி."

சாயங்காலம் பெரிய டாக்டர் புது பாரத்தோடு வந்தார். சாய்நாத்தை அனுப்பாமல் தானே வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"கமிட்டிக்கு எழுதியிருக்கேன். கிலோமீட்டரை எடுத்துட்டு ஒரு மணி நேரக் கணக்கை மட்டும் வைக்கச் சொல்லி. எல்லாருக்கும் விதி மாற நாளாகும், ஆனா உங்களுக்கு அனுமதி வந்துடுத்து. அட்ரஸ் சொல்லுங்கோ."

சொர்ணம் எழுந்து உட்கார்ந்தாள். பிளாக் நம்பர் நாற்பத்தேழு, ஆறாவது மாடி, பெரும்பாக்கம் என்று வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். மூன்று வருஷத்தில் அந்த அட்ரஸை அவள் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"அவசரத்துக்குக் கூட வரவாளோட பேர்?"

"முருகையன். வைதேகி. சுயம்புலிங்கம்..."

"ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கும்மா."

"அப்ப வேற தாள் எடுங்க சார்."

அவர் வேறு தாள் எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நாற்காலி தூக்கின மற்ற மூன்று பேர், மத்தியானத்து வண்டிக்காரன், வழி சொன்னவன், இன்னும் சில பேர் எல்லாரும் தாளில் வந்தார்கள். மொத்தம் பதினோரு பேர். கடைசியில் பாரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இவாள்லாம் உங்களுக்கு என்ன உறவு?"

"அக்கம்பக்கம்."

அவர் அதை முதல் பேருக்கு நேரே எழுதினார். மீதிப் பேருக்கு 'மேற்படி' போடப் போனார். சொர்ணம் கையை நீட்டித் தாளை மறித்தாள்.

"ஒவ்வொர்த்தருக்கும் எழுதுங்க சார்."

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, பதினோரு தடவையும் எழுதினார்.